வக்கீல் எங்களை விட்டு எம்.எல்.ஏ. ஆனார்

தொண்ணூறுகளில் மைசூர் விஜயநகரில் வரிசையாக வீடுகள் எழும்பின. கல்லும் மண்ணும் சுமந்தது கொள்ளேகால் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நாங்கள். அங்கேயே ஒரு மூலையில் குடிசை போட்டிருந்தோம். இடத்தைக் காலி செய்யச் சொல்லி வழக்கு வந்தபோது, பக்கத்துச் சின்ன ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு வக்கீல்தான் எங்களுக்காக நின்றார். எங்களோடு தமிழில் பேசி, நீதிபதியிடம் கன்னடத்தில் வாதாடி, இடிக்கக் கூடாதென்று தடையுத்தரவும் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான், அப்போது.

அடுத்த சட்டசபைத் தேர்தலில் அவர் தன் ஊரில் நின்றார், ஜெயித்தார். அதோடு கோர்ட் பக்கமே காணோம். வழக்கு நாள் நெருங்கியது. வேறு வக்கீல் வைக்கலாம் என்றேன். அதற்குப் பழைய வக்கீலான அவர் ஒப்புதல் எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான், குடிசைக்காரர்கள் மொத்தமும் என்மேல் பாய்ந்தார்கள். ஜெயித்த கையோடு அவர் முன்னால் போய் நின்று, நீங்கள் வேண்டாம் என்று சொல்வதா என்றார்கள். மேஸ்திரியான என் வீட்டுக்காரர் எனக்கு நன்றி கெட்ட புத்தி என்றார். நம் வக்கீலே சட்டசபையில் இருக்கும்போது எவன் நம்மைத் தொடுவான் என்று சிரித்தார். மரியாதையாம், மரியாதை! எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனாலும் அவரைத் தேடிப்போய்க் கேட்டோம். தன் ஜூனியரை அனுப்புவதாகச் சொன்னார். ஜூனியர் வரவில்லை. எங்கள் பக்கம் பேச ஆளில்லாமல் தடையுத்தரவு போயிற்று.

சில நாளில் புல்டோசர் வந்தது. அடுப்பில் வெந்துகொண்டிருந்த களியோடு சட்டிபானைகளை வாரிக்கொண்டு ஓடினேன். எல்லாம் தரைமட்டமான பிறகு அவர் காரில் வந்து இறங்கினார். எங்கள் ஆட்கள் அப்போதும் எழுந்து கும்பிட்டார்கள். பாவி மனுஷர்கள்.

நான் கும்பிடவில்லை. நேராகப் போய்க் கேட்டேன்.

"உங்களத்தான நம்பி இருந்தமுங்க. ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்க?"

அவர் முகத்தில் துளி வெட்கம் இல்லை. இடிந்து கிடந்ததைச் சுற்றிப் பார்த்தார். உண்மையாகவே வருத்தப்படுகிற குரலில் சொன்னார்.

"என்னம்மா நீங்க, ஒரு நல்ல வக்கீலாப் பாத்து வெச்சிருக்கக் கூடாதா?"