ஆயுத பூசையில் வெடித்த துவக்கு

நான் அகதியாக வந்து குடியேறிய சோலோதுர்ன் நகரத்து வீட்டில் அன்று இருந்தவர்கள்: நான், மனைவி, ஊரிலிருந்தே என்னை அறிந்த குணம் அண்ணை.

ஆயுத பூசை. என் ஹோட்டல் வேலைக் கத்திகளோடு, நான் ஆசைக்குச் சேர்க்கும் பழைய உலகப்போர்க் கைத்துப்பாக்கிகள் ஆறையும் சாமிப்படத்தின் முன் வைத்தேன்.

பூசை முடிந்து சந்தனம் துடைக்கையில் விசையில் விரல் பட்டு ஒன்று வெடித்தது. குண்டு போடும் ரவைக்கூட்டை முன்பே கழற்றியிருந்தேன். குழலுக்குள் ஒரு ரவை கிடந்ததைப் பார்க்கவில்லை. அது அண்ணையின் காதருகே போய் அரிசி மூட்டையில் புகுந்தது.

“துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனி, உனக்கேன்ரா இந்தச் சனியன்? ஆத்திலை எறி!” என்று கத்தினார் அண்ணை.

“அங்கை அது என்னைக் கலைச்சது அண்ணை. இங்கை என்ரை மேசையிலை சும்மா கிடக்குது. பிழை என்ரை. எறிய மாட்டன்.”

எறியவில்லை. இப்போது ஒவ்வொன்றையும் திறந்து, குழலுக்குள் பார்த்த பிறகுதான் பொட்டு வைக்கிறேன். இந்த வருடம் பொட்டு வைத்த துவக்குகள் ஒன்பது.