கண்ணாடிச் சுவரில் ஒரு லுங்கி

நெதர்லாந்தின் ராட்டர்டாமில் நான் புதிதாகக் குடிவந்திருக்கும் அடுக்ககத்தில் யாருமே திரைச்சீலை போடுவதில்லை. எதிர்வீட்டுக்காரர் உருளைக்கிழங்கு தின்பது தெருவுக்கே தெரிகிறது. என்னால் முடியவில்லை. வந்த வாரமே கூடத்துக் கண்ணாடிச் சுவரை ஒரு கட்டம்போட்ட லுங்கியால் மறைத்துவிட்டேன். மறுநாள் பக்கத்து வீட்டு ஹென்னி அம்மா கிண்ணத்தில் சூப்போடு வந்து நின்றார்.

"உடம்பு சரியில்லையா?"

"இல்லை, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்."

சாப்பிடுவதை எதற்கு மறைக்க வேண்டும் என்று அவருக்கு விளங்கவில்லை. கண் படும் என்று எந்த மொழியில் சொல்வது? சூப்பை வாங்கிக்கொண்டேன்.

வேடிக்கை என்னவென்றால், கட்டடக்கலைஞனான எனக்குக் கண்ணாடிச் சுவர் வரைவதுதான் பிழைப்பே. நவீனத்துவம் வருமுன் எங்கள் துறையில் கட்டடக்கலைஞர்கள் பழைய தூணையும் பூவேலையையுமே பெரும்பாலும் திருப்பித் திருப்பி வரைந்துகொண்டிருந்தார்கள். இரும்பும் கான்கிரீட்டும் பாரத்தைத் தாங்கிக்கொண்டதும் சுவருக்கு வேலை குறைந்தது. அது கண்ணாடியாகலாம், இல்லாமலே போகலாம். ஒவ்வொன்றையும் 'இது எதற்கு?' என்று கேள், பதில் இல்லாததைத் தூக்கியெறி என்றார்கள் நவீனத்துவர்கள். அந்தக் கேள்வியில் மயங்கிப்போனவன் நான்.

அந்த மயக்கத்தில்தான் திண்டிவனத்தில் இருக்கும் என் ஸ்டெல்லா அக்காவுக்கு வீடு வரைந்து அனுப்பினேன். வெள்ளைப் பெட்டி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அலங்காரம் என்று ஒரு கோடு கிடையாது. மாமா இறந்த பிறகு அக்காவுக்கு இருந்த ஒரே ஆசை, மகளின் நிச்சயதார்த்தத்தைச் சொந்த வீட்டில் வைப்பது. என்னை நம்பி அப்படியே கட்டினாள்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து வீடியோவில் கூப்பிட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் கண்ணாடியை மறைத்து ஒரு பழைய புடவை தொங்கியது.

"டேய், ஒரு அம்மா கண்ணாடிய பாத்துட்டு ஆஸ்பத்திரின்னு நெனச்சி செருப்ப கழட்டிட்டு உள்ள வந்து குந்திக்கினு, ஸ்கேன் எடுக்கற டாக்டர் எப்ப வருவாருன்னு கேக்குதுடா!"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"விழுப்புரத்துலருந்து மாப்ள வீட்டாளுங்க வந்தாங்க. எலிவேஷன் வேலை முடியட்டும், அப்பால நிச்சயம் வச்சிக்கலாம்னுட்டு பூட்டாங்க. முடிஞ்சிபோச்சின்னு எப்பிட்றா சொல்லுவேன்?"

எலிவேஷன் என்றால் எங்கள் பக்கம் வீட்டு முகப்பில் ஒட்டும் தூண், டைல்ஸ், சிமென்ட் புறா, மூன்று நிறப் பெயின்ட். அது இல்லாவிட்டால் வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். ஆக, 'இது எதற்கு?' என்ற கேள்விக்கு அக்காவிடம் பதில் இருந்திருக்கிறது: வீடு முடிந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்ல. ஆனாலும் அந்தப் புறாவை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. யார் சரி? சத்தியமாகத் தெரியவில்லை.

"கொத்தனாரை விட்டு எதையாவது ஒட்டிக்கோ அக்கா."

"நீயே வரைஞ்சி குடுடா. கண்டவன் வரைஞ்சா உனுக்குப் புடிக்காது."

பாவி, அப்படிச் சொல்லிவிட்டாளே!

இதோ, லுங்கிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தூணும் புறாவும் வரைந்துகொண்டிருக்கிறேன். முதல் புறா இந்த ஊர்ப் புறா மாதிரிக் கொழுத்துவிட்டது. அழித்தேன். எங்கள் ஊர்ப் புறாவின் கழுத்து எப்படி இருக்கும் என்று பிடிபடவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. லுங்கி இன்னும் இறங்கவில்லையே என்று ஹென்னி அம்மா மறுபடி சூப் கொண்டுவந்திருப்பார். உடம்பு சரியில்லை என்றே சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன்.