வரிசையில் ஒரு செங்கல்

பாஞ்சாலிக்குத் தூக்கத்திலேயே தண்ணி லாரி வருவது தெரிந்துவிடும். லாரி பெரிய சாலையில் திரும்பும்போதே, அடையாற்றங்கரைக் குடிசையில் இவள் எழுந்து உட்கார்ந்து கொண்டை போடுவாள். ஒரு குரல் கொடுத்தாளோ, அக்கரையில் தூங்குகிறவனும் குடத்தைத் தேடுவான். குப்பத்தில் அவளுக்கு ‘லாரி பாஞ்சாலி’ என்றே பேர். பகலெல்லாம் ராஜா அண்ணாமலைபுரத்து வீடுகளில் பாத்திரம் தேய்ப்பாள். சாயங்காலம் மீன்பாடி வண்டி ஓட்டும் புருஷன் டில்லிபாபுவை விரட்டுவாள். இவ்வளவுக்கும் நடுவே கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிற வழக்கம் வேறு உண்டு. தேய்த்த குண்டானில் என்னத்தைத்தான் பார்ப்பாளோ, அப்படியே நின்றுவிடுவாள். வீட்டுக்கார அம்மாக்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோவார்கள்.

அந்தக் குப்பத்தில் ஒரு நடைமுறை இருந்தது. வரிசையில் குடம் நின்றால் ஆள் நிற்கிற மாதிரி. குடத்துக்காரி குழந்தைக்குப் பால் கொடுக்கப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அவள் இடத்தை யாரும் தொடமாட்டார்கள். குடம் கைவசம் இல்லையா, ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போனாலும் போதும். அந்தச் செங்கல்தான் அவள்.

இப்படி ஒரு வரிசையில்தான் பாஞ்சாலிக்கும் பக்கத்துக் குடிசை அன்புச்செல்விக்கும் முட்டிக்கொண்டது. பாஞ்சாலி வாயில் வைக்கும் முதல் கவளம் அன்புச்செல்வி வீட்டுக் குழம்பாகத்தான் இருக்கும், அவ்வளவு சிநேகிதம். அன்றைக்கு என்னவோ, “என் கொடம்தான் முன்னாடி கீது” என்று இவள் சொல்ல, “உன் மூஞ்சி, என்னுதுதான் முன்னாடி” என்று அவள் சொல்ல, மயிர்பிடிச் சண்டையாகிவிட்டது. பேச்சு நின்றது. அந்தப் பேச்சு திரும்பி வருவதற்குள் ஆற்றோரத்தில் பாதிப் பேரை வேளச்சேரிக்கும் அப்பால் குடியேற்ற வண்டி வந்து நின்றது. அன்புச்செல்வி சட்டிபானையோடு ஏறினாள். பாஞ்சாலி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அடப்பாவி மகளே, ஒரு வார்த்தை ‘போய் வா’ன்னு சொல்லியிருக்கலாம் இல்லையா!

மறு வருஷம் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் வந்தார்கள். அடையாறில் ஒரு பழைய பங்களாவை அருங்காட்சியகமாக்கியிருந்தார்கள். அதில் ஆற்றோரத்து வாழ்க்கையை ஆற்றோரத்துக்காரர்களோடு சேர்ந்தே காட்சிக்கு வைக்கப்போகிறார்களாம். மயிலாப்பூர்ப் பெண் வர்ஷினிதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றாள். வெயில் என்று பாராமல் வந்து, கோரைப்பாயில் உட்கார்ந்து, “நீங்களே சொல்லுங்கோ, என்ன வைக்கலாம்?” என்று கேட்டாள்.

“எங்ககிட்ட இன்னாம்மா கீது வெக்கிறதுக்கு?” என்று எல்லோரும் சிரித்தார்கள்.

பாஞ்சாலி சிரிக்கவில்லை. எங்கேயோ பார்த்தபடி, “கொடம்” என்றாள்.

அதன்பின் வேலை மளமளவென்று நடந்தது. பெண்கள் பழைய குடங்களைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் பங்களாக் கூடத்துச் சுவரில் ஆற்றை வரைந்தார்கள். எந்தக் குடம் யாருக்குப் பின்னால் என்று ஒரே கூச்சல். குடமெல்லாம் வரிசையில் நின்றபின் பாஞ்சாலி முந்தானைக்குள்ளிருந்து ஒரு செங்கல்லை எடுத்துத் தன் சிவப்புக் குடத்துக்குப் பின்னால் வைத்தாள்.

“இது யாரு, அக்கா?” என்றாள் வர்ஷினி.

“அன்பு. தோ, வந்துருவா.”

சொல்லிவிட்டாளே தவிர, வருவாளா என்பது அவளுக்கே தெரியாது. திறப்பு விழாவுக்கு அவளை அழைக்க டில்லிபாபுவைத்தான் அனுப்பியிருந்தாள். அந்த மனுஷன் திரும்பி வந்து, “பாக்கலாம்னு சொன்னா” என்றான். வேற? வேற ஒன்றும் சொல்லவில்லையாம்.

அன்று மத்தியானம் கூடத்துத் தூணில் சாய்ந்தவளுக்குக் கண் சொருகிற்று. சுவரில் வரைந்த ஆறு சத்தமில்லாமல் இறங்கித் தரைக்கு வந்தது. குடங்கள் ஒவ்வொன்றாக மிதந்தன. பச்சை, மஞ்சள், ஊதா, வரிசை கலையாமல் வாசலைத் தாண்டி, வெயில் பட்டு மின்னிக்கொண்டு, கடல் பக்கமாகப் போயின. அவளும் சிரித்துக்கொண்டே கூடப் போனாள். ஏதோ நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். செங்கல் மட்டும் மிதக்கவில்லை. தண்ணீருக்கடியில் அதே இடத்தில் கிடந்தது.

தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். கூடத்தில் சுவர்க்கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது. செங்கல்லை எடுத்துத் தன் குடத்துக்கு முன்னால் வைத்தாள். வைத்தபின் அழுகை வந்தது. அன்றைக்கு முன்னால் நின்றது தன் குடம்தான் என்பதில் அவளுக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. அதனால் என்ன, அன்பு வந்தால் போதும்.

திறப்பு விழாவில் பெரிய மனிதர்கள் பேசினார்கள். குப்பத்துப் பெண்களோ குடங்களைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் அவரவர் குடத்துப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள். வந்தவர்கள் எல்லாம் இதுவும் காட்சிதான் போலிருக்கிறது என்று தள்ளி நின்று பார்த்தார்கள். வர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாஞ்சாலியின் கண் மட்டும் வாசலில் இருந்தது.

காபி கொடுக்கும் நேரத்தில் அன்புச்செல்வி வந்தாள். மெலிந்திருந்தாள். இடுப்பில், அன்றைக்குச் சண்டையில் நின்ற அதே பச்சைக் குடம். சூட்டுக்கோலால் போட்ட நட்சத்திர அடையாளம் அப்படியே இருந்தது. பஸ்ஸில் இடித்துப் பிடித்து அதைக் கொண்டுவந்திருக்கிறாள்! நேரே வந்து செங்கல்லைப் பார்த்தாள்.

“இது யாரு?”

“நீதான்.”

“முன்னாடி வெச்சுக்கீற?”

“ஆமா. இப்ப இன்னா அதுக்கு?”

அன்புச்செல்வி குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “அன்னிக்கு நீதான்டி முன்னாடி இருந்தே. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுக்கினேவா மயிரப் புடிச்சே?”

“பின்ன? வூட்ல பொட்டுத் தண்ணி இல்ல. வேற இன்னா பண்ணச் சொல்ற?”

பாஞ்சாலிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்புச்செல்வி செங்கல்லை நகர்த்திவிட்டு, அது இருந்த இடத்திலேயே, முன்னால்தான், குடத்தை வைத்தாள். விட்டுக்கொடுத்ததை விடுவாளா அவள்!

இருவரும் தூணடியில் உட்கார்ந்து விட்டுப்போன கதையெல்லாம் பேசினார்கள். பொழுது சாய்ந்ததும் அன்புச்செல்வி எழுந்தாள். கடைசி பஸ்ஸை விட்டால் அந்தப் பக்கம் போக வழியில்லை. இடுப்பில் குடம் இல்லாமலே வாசல்வரை போய்விட்டாள்.

“கொடத்த எடுத்துக்கல?” என்று பின்னாலேயே ஓடினாள் பாஞ்சாலி. “போறியாடி?”

அன்புச்செல்வி திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கொடம் அங்க வரிசைல கீது இல்ல? நான் எங்கடி போயிட்டேன்?”