அனென்ட் என்றொரு சொல்

படூரில் எங்கள் ஃபிளாட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். கணவர் கத்தாரில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்க்கிறேன்.

இரண்டு வருஷம் முன்பு ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவரின் பழைய கடிதங்கள் மறுபதிப்புக்காக வந்தன. அதில் 'அனென்ட்' என்றொரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. கூரை அனென்ட் ஒரு புகார், பசுமாடு அனென்ட் ஒரு தகராறு. ஸ்கேன் செய்யும்போது எழுத்து சிதைந்திருக்கும் என்று நினைத்து எல்லா இடத்திலும் 'அபௌட்' என்று மாற்றிவிட்டேன். அகராதியைப் பார்த்திருக்கலாம். அன்று மகளின் பிறந்தநாள். காலையிலிருந்து அவள் போனை எடுக்கவில்லை.

மறுவாரம் கோப்பு திரும்பி வந்தது. தொகுப்பாசிரியர் ஓரத்தில் பொறுமையாக எழுதியிருந்தார்: அது பிழையில்லை, எங்கள் ஊர்ப் பழஞ்சொல். 'குறித்து' என்று பொருள். ஆதியில் 'பக்கத்தில், இணையாக' என்றுதான் இருந்தது.

முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம்முடைய 'பற்றி'யும் பிடித்துக்கொள்வதில் பிறந்த சொல்தானே.

அன்று மாலை கணவர் கூப்பிட்டார்.

"சிலிண்டர் வந்திச்சா?"

"வந்திச்சு."

"மோட்டார் ரிப்பேர் பத்தி அசோசியேஷன்ல இன்னா சொன்னாங்க?"

சொன்னேன். அப்புறம் என்னை அறியாமலே கேட்டுவிட்டேன்.

"எதப் பத்தியும் பேச வேணாங்க. போன ஆன்ல வச்சிகினு உங்க வேலையப் பாருங்க. நானும் பாக்கறேன்."

"இன்னா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"அதெல்லாம் நல்லாத்தான் கீறேன்."

அவர் போனை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார் போலிருக்கிறது. வெங்காயம் நறுக்கும் சத்தம், எண்ணெய் பொரியும் சத்தம். நான் 'அபௌட்'டை எல்லாம் ஒவ்வொன்றாக மறுபடி 'அனென்ட்' ஆக்கினேன். ஒருமுறை அவர் தும்மினார். அரைமணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு அருகில் இருந்ததில்லை என்று தோன்றியது.

"ஆளுங்க வந்துட்டாங்க, வெச்சிடறேன்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ரூம்ல நாலு பேர் கீறாங்க. பேசாம போன புடிச்சிகினு இருந்தா இன்னா நெனப்பாங்க?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவருடைய ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷம் நீட்டித்தார்கள். புத்தகமும் வெளியானது. எனக்குப் பிரதி அனுப்பும் வழக்கமில்லை. இணையத்தில் சில பக்கங்கள் மட்டும் பார்த்தேன்.

போன ஞாயிறு தனியாக பஸ் ஏறி மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனேன். குடும்பம் குடும்பமாகக் கூட்டம். பிள்ளைகளோடு வந்த ஒரு பெண், மணலில் உட்கார்ந்திருந்த என்னருகில் செருப்புகளைக் குவித்தாள்.

"கொஞ்சம் பாத்துக்கோக்கா, கால் நனச்சிட்டு வந்துடறோம்."

வெயில் தாழும்வரை அவர்கள் வரவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.