நான் மூடாத மெமோ

திங்கட்கிழமை காலை

ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன். ஒன்பதேகால் ஆகியும் ஆறாம் வகுப்பு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைக் காணோம். நெரவிப் பக்கத்தில் வயலுக்கு நடுவே இருந்த அந்த நடுநிலைப் பள்ளிக்கு நான் எச்.எம். ஆகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பீரோவை மூன்று முறை கலைத்துப் போட்டுத் தேடினேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி என் நாற்காலியில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சாதாரணமாகவே மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்குக் கேட்க வேண்டுமா?

ஆறாம் வகுப்பு பிலோமினா டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தார். தோளில் தொங்கிய துணிப்பையிலிருந்து ரிஜிஸ்டரை எடுத்து மேசைமேல் வைத்தார். அட்டையில் கொத்தமல்லித் தழை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது, அரசாங்க ரிக்கார்டு காய்கறிப் பையில வருது?" என்றார் அதிகாரி.

"நேத்து சந்தைக்கு எடுத்துட்டுப் போனேன் சார். தப்புதான்."

ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எனக்குக் காது சுட்டது. அன்று மத்தியானமே மெமோ டைப் அடித்து டீச்சர் கையில் கொடுத்தேன். நகல் மேலிடத்துக்கும் போயிற்று. மறுநாள் அவருடைய விளக்கம் வந்தது. "பதிவேட்டை வெளியே எடுத்துச் சென்றது உண்மை. இனி நடக்காது." அதன் கீழே நான் 'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது. நான் எழுதவில்லை. நேரில் வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கட்டுமே என்று டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை

மனசு கேட்கவில்லை. மறுபடியும் எடுத்துக்கொண்டு போகிறாரா என்று கையும் களவுமாகப் பிடிக்க அடுத்த ஞாயிறு காரைக்கால் சந்தைக்கே போனேன். மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து ஜனம் வெளியே வந்தது. முதல் ஆளாக வந்தவர் பிலோமினா டீச்சர். தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்கவில்லை. எட்டு, ஒன்பது வயதில் அவர் மகள் ஸ்டெல்லா பின்னால் ஓடி வந்தாள். இரண்டு பேரும் நேராகச் சந்தைக்குள் நுழைந்தார்கள்.

நான் ஒரு சட்டிப் பானைக் கடைக்குப் பின்னால் நின்று, வாங்காத சட்டிக்கு விலை பேசிக்கொண்டே பார்த்தேன். டீச்சர் கையில் இருந்தது ரிஜிஸ்டர் இல்லை, ஒரு நாற்பது பக்க நோட்டு. ரிஜிஸ்டரில் இருந்ததை அப்படியே கையால் கோடு போட்டு, ஆப்சென்ட்டைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். கீரைக்கட்டு விற்ற ஒரு பெண் முன்னால் குந்தி உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார்.

"இங்க பாரு தாயி. பதினோரு நாளா உன் மவ பேருக்கு நேரா ஒரே செவப்பு. இன்னும் நாலு நாள் போனா பேர அடிச்சுப்புடுவாங்க."

"கோச்சுக்காதீங்க டீச்சர். நடவு முடியட்டும். கைக்குழந்தையப் பாத்துக்க ஆளில்ல, அதான் அவள வூட்ல வச்சிருக்கேன்."

"கைக்குழந்தையையும் தூக்கிட்டு வரச் சொல்லு. என் கிளாஸ்ல ஒரு மூலையில கெடக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

இப்படியே ஒவ்வொரு கடையாக. வாரம் முழுக்க வயலில் கிடக்கிற பெண்கள் பள்ளிக்கு வர மாட்டார்கள், வீட்டிலும் இருக்க மாட்டார்கள். ஞாயிறு சந்தையில்தான் அகப்படுவார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அந்தச் சிவப்பு வரிசை புரிந்தது. ஸ்டெல்லா மட்டும், "அம்மா, பசிக்குதும்மா," என்று முந்தானையை இழுத்துக்கொண்டே போனாள்.

மறுநாள் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பி வந்தார்கள். ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை. நான் டிராயரைத் திறந்தேன், அந்தக் காகிதத்தைப் பார்த்தேன், மூடினேன். சந்தையில் ஒளிந்து நின்று பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? கௌரவம் என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டேன்.

பட்டியல்

கௌரவம் பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடக் கடைசியில் டீச்சரின் கணவர் பக்கவாதம் வந்து படுத்தார். டவுன் பள்ளிக்கு மாறுதல் கேட்டு டீச்சர் மனுப் போட்டார். அது அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மத்தியானம் போய்க் கணவருக்குச் சோறு ஊட்டிவிட்டு வரலாம். ஆபீஸிலிருந்து எனக்குப் போன் வந்தது.

"மேடம், அந்த டீச்சர் மேல ஒரு மெமோ பெண்டிங்ல நிக்குது. குளோஸ் பண்ணி அனுப்புங்க, பேரைப் பட்டியல்ல சேத்துடறோம்."

"பாக்கறேன்," என்று வைத்தேன். அவர் போய்விட்டால் ஞாயிறு தவறாமல் சந்தைக்குப் போய்ப் பிள்ளை பிடித்து வர என் பள்ளியில் யார் இருக்கிறார்கள்? இந்த நினைப்புதான் என் கையைக் கட்டிப்போட்டது. பட்டியல் வந்தது. அவர் பேர் இல்லை. டீச்சர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஓய்வு பெறும் வரை மூன்று வருடம் அதே பஸ்ஸில் வந்து போனார். எனக்குப் பின்னால் வந்தவர் முதல் மாதமே அந்த மெமோவை மூடினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

முப்பதாம் நாள்

பிலோமினா டீச்சர் போன மாதம் இறந்துபோனார். முப்பதாம் நாள் பூசைக்கு நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஸ்டெல்லா போன் செய்தாள். அவளும் இப்போது டீச்சர்தான். சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. 'அர்ப்பணிப்புள்ள ஆசிரியை, பூசை தவறாதவர், அன்பான தாய்' என்று எழுதினேன். கிழித்தேன். திரும்ப அதையே எழுதினேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. பூசைக்கு முதல் நாள் சாயங்காலம், வருவது வரட்டும் என்று ஆட்டோ பிடித்து ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மெமோ, சந்தை, போன், கடைசியில் அந்தச் சுயநலம். முடித்ததும் ஸ்டெல்லா சொன்னாள்.

"மதியச் சோத்துக்கு பெல் அடிச்சதும் ஸ்கூல்லேருந்து நான்தான் ஓடி வருவேன் மேடம். அப்பாவுக்கு ஊட்டிட்டு, நான் சாப்பிடாமத் திரும்பி ஓடுவேன். மூணு வருஷம்."

"தெரியும்மா."

"தெரியாது மேடம். இன்னொண்ணும் உங்களுக்குத் தெரியாது. அன்னைக்கு சந்தையில அம்மா உங்களப் பாத்துட்டாங்க. சட்டிக்கு வெலை பேசிட்டு வாங்காமப் போனீங்களாமே. வீட்டுக்கு வந்து அப்பாக்கிட்ட, 'மேடம் கண்ணால பாத்துட்டாங்க, இனிமே கேக்கவே வேணாம், நாளைக்கே மூடிடுவாங்க'ன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னாங்க. அடுத்த நாளே மூடிடுவீங்கன்னு பாத்தாங்க. அப்புறம் அடுத்த வாரம்னு பாத்தாங்க."

மன்னிப்புக் கேட்க வரவில்லை என்று நான் அவர்மேல் கோபித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவர் என்னை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். பாவி, நான் என்ன மனுஷி!

"இத எங்கிட்ட சொன்னாப் போதாது. நாளைக்கு மைக்குல சொல்லுங்க," என்றாள் ஸ்டெல்லா. வழியனுப்ப வாசலுக்கு வரவில்லை.

மறுநாள் எழுதி வைத்த தாளைப் பையிலேயே விட்டுவிட்டு மைக் முன்னால் நின்றேன். இங்கே எழுதியதைத்தான் அங்கேயும் சொன்னேன். முன்வரிசையில் இருந்த இளம் ஆசிரியர்களைப் பார்த்து, "நாளைக்கு நீங்களும் எச்.எம். ஆவீங்க. மெமோ குடுக்க வேண்டிய இடத்துல குடுங்க. பதில் வந்த அன்னைக்கே முடிவை எழுதிடுங்க. நாம டிராயர்ல பூட்டுறது காகிதம் இல்ல, அவங்க வீட்டுச் சோத்த," என்றேன். யாரும் கைதட்டவில்லை. தட்டியிருந்தால் எனக்கு இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா வந்தாள். கையில் ஒரு பழைய காகிதம், நாலாக மடித்தது. டீச்சர் தனக்கென்று வைத்துக்கொண்ட விளக்கத்தின் நகல். "அம்மா பைபிள்ல இருந்துச்சு," என்று பேனாவையும் நீட்டினாள்.

மதில்மேல் வைத்து 'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். தேதி போட வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"அந்த வருஷத்துத் தேதி போடட்டுமாம்மா?"

"வேணாம் மேடம். இன்னைக்குத் தேதியே போடுங்க."