ஸ்டூல் போட்டுக் கொடுத்த அக்கா

மூன்று வருஷம் இருக்கும். தை மாதம், மாமல்லபுரம் கடற்கரை, உச்சி வெயில். கப்பலில் பயிற்சி முடித்துவிட்டு, அதிகாரி ஆவதற்கான வாய்மொழித் தேர்வுக்காகக் கூடுவாஞ்சேரி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு முறை கோட்டை விட்டாயிற்று. இன்னொரு முறை விட்டால் கம்பெனி எனக்காக வைத்திருந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். தேர்வுக்கு இன்னும் நான்கே நாள்.

போன தடவை என்னைக் கவிழ்த்தது ஜி.பி.எஸ். இல்லாமல் கப்பல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கணக்குதான். நடுப்பகலில் சூரியன் தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து, அட்டவணைப் புத்தகத்தைப் பார்த்துக் கூட்டிக் கழித்தால் நாம் நிற்கும் அட்சரேகை வரும். அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மூன்று நாளாகக் கடற்கரைக்கு வந்து போனேன். அங்கே கரை சற்று மேற்கே ஒதுங்குவதால் நேர் தெற்கே கடல் தெரியும். பயிற்சிக்கு அருமையான இடம்.

முதல் நாளே சங்கு, பாசிமணி விற்கும் அக்கா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா பாப்பா, சர்வேயா? கடையை எடுக்கச் சொல்வாங்களா?"

"இல்லக்கா, சூரியன அளக்கிறேன்."

"அளந்து இன்னா பண்ணப் போற? அங்கயும் பிளாட்டு போடப் போறாங்களா?"

நாம் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கத்தான் என்றேன். "அத்த என்னாண்ட கேட்டா சொல்லியிருப்பேனே! மகாபலிபுரம்மா இது!" என்று சிரித்தார். எனக்குக் கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது.

ஆனால் என் கணக்கோ நெம்மேலி என்றது. மறுநாளும் நெம்மேலி. மூன்றாம் நாளும் அதே. பத்து கிலோமீட்டர் வடக்கே! கருவி இரவல் வாங்கியது, அதில்தான் கோளாறு என்று திட்டினேன். கருவியைச் சோதித்தால் சரியாக இருந்தது. புத்தகத்தைச் சந்தேகப்பட்டேன். பழைய பதிப்போ என்று அட்டையைக்கூடத் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தேர்வைத் தள்ளிப்போட்டுவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நீ குள்ளமா கீற, அதான் சரியா தெரில. இந்தா, மேல ஏறிப் பாரு."

குள்ளம் என்றதும் சுருக்கென்று கோபம் வந்தது. 'ஒரு ஸ்டூல் உயரத்தில் என்ன மாறிவிடும்' என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். உயரம்! உயரே நிற்க நிற்கத் தொடுவானம் கீழே இறங்கித் தெரியும். அதற்கேற்ப ஒரு கழித்தல் உண்டு. கப்பலில் நான் தயாரித்து ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்த கணக்குத்தாளில் 'கண் உயரம்' என்ற கட்டத்தில் எங்கள் கப்பல் மேல்தளத்தின் உயரம் ஏற்கெனவே எழுதியிருந்தது. கிட்டத்தட்ட எட்டு மாடி. மணலில் செருப்போடு நின்றுகொண்டு, மூன்று நாளாக எட்டு மாடி உயரத்தில் நிற்பதாகக் கணக்குப் போட்டிருக்கிறேன்!

மணலிலேயே உட்கார்ந்து அந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றினேன். கடற்கரைக் கோயிலிலிருந்து ஒரு மைலுக்குள் வந்துவிட்டது.

"இப்போ எங்க கீறோம்?"

"மகாபலிபுரம்க்கா!"

"நான் மொத நாளே சொன்னேனே!" என்றார். இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தேர்வில் அதே கணக்கைக் கேட்டார்கள். கண் உயரம் எவ்வளவு என்று நானே முதலில் திருப்பிக் கேட்டேன். கேள்வி கேட்டவர் லேசாகப் புன்னகைத்தார். தேறிவிட்டேன். ஸ்வீட் பாக்ஸோடு போனபோது, "என் ஸ்டூலு பாஸ் பண்ணிச்சு" என்று அக்கா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது நடுக்கடலில் கணக்கு இடித்தாலும் சரி, வீட்டில் யாரோடாவது வாக்குவாதம் முற்றினாலும் சரி, எதிரே இருப்பதைக் குறை சொல்லும் முன், நான் எத்தனையாவது மாடியில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு தடவை கீழே குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.