‘கவனக்குறைவு’ என்று எழுத மறுத்தவள்

இரண்டாம் மொழியில் எழுதப் பழகுவது எப்படி என்பதுதான் என் ஆய்வு. ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை எனக்கு அனுமதி கொடுத்தது. சனிக்கிழமைகளில் முதல் ஷிப்ட் முடிந்து வரும் பெண்களுக்கு ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதக் கற்றுத்தர வேண்டும். அவர்கள் சம்மதித்தால், எழுதிய தாள்களின் நகலை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பு அதிகாரி ஒரு மாதிரித் தாள் கொடுத்தார். விபத்துக்கான காரணம் என்ற இடத்தில், ‘ஆபரேட்டரின் கவனக்குறைவால்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. இலக்கணம் சுத்தம். அதையே போர்டில் எழுதி நான்கு வாரம் பழக்கினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

ஐந்தாவது வாரம் ஒரு பெண் இடக்கையில் கட்டோடு வந்தாள். நாட்றாம்பாளையத்துக்காரி, வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ், ஆங்கிலம் என்னிடம்தான். தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் ஆள்காட்டி விரலின் நுனி போயிருந்தது. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சார் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. லைன் லீடரிடம் சொல்லியிருக்கிறாள், யாரும் வரவில்லை. இப்போது அந்த மாதிரித் தாளைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார்கள்.

போர்டில் இருந்த அந்த வார்த்தைக்கு இன்னொரு தடவை அர்த்தம் கேட்டாள். கவனக்குறைவு என்றேன்.

“அப்படி நான் எழுத மாட்டேங்க மேடம். நான் கவனமாத்தான் இருந்தேன். அவங்கதான் இல்ல.”

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள். ‘சென்சார் நாட் ஒர்க் டூ டேஸ். ஐ டோல்ட். நோபடி கேம்.’ என் வகுப்பில் யாரும் அதுவரை சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதியதில்லை. யாரிடம் சொன்னாய் என்று மட்டும் கேட்டேன். லைன் லீடர் என்று சேர்த்தாள்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டு, அதைத் திருத்தி வாங்கித் தரச் சொன்னார். அவர் மேஜையிலேயே சிவப்புப் பேனாவை எடுத்து முதல் வாக்கியத்தின் வினைச்சொல்லைச் சரிசெய்து நீட்டினேன்.

“இதையா திருத்தச் சொன்னேன்?”

“தப்பு இருந்தது அது ஒண்ணுதான் சார்.”

அடுத்த சனிக்கிழமை தொழிற்சாலை கேட்டில் என்னை உள்ளே விடவில்லை.

என் ஆய்வு நெறியாளர் அதற்கு மேலே போனார். அவள் தாளில் இருக்கும் பிழைகளை எண்ணி அட்டவணையில் போடு, மாதிரியை ஒழுங்காகப் பார்த்து எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் கொடு என்றார். மாட்டேன் என்றேன். பிழையே இல்லாத வாக்கியம், அதை எழுதுகிறவளுடைய சொந்த வாக்கியமாக இல்லாமல் போகலாம் என்று அவள் தாளை வைத்தே ஒரு அத்தியாயம் எழுதினேன். இரண்டு முறை நீக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார். இரண்டு முறையும் ஒரு வரி குறைக்காமல் அனுப்பினேன். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அத்தியாயம் அப்படியே இருக்கிறது.

அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ஆனால் எழுதியதை அவள் வாபஸ் வாங்கவில்லை, சென்சாரும் மாறியது.

இப்போது குருபரப்பள்ளியில் ஒரு டயர் கடை மாடியில் ஞாயிறுதோறும் வகுப்பு. யார் அனுமதியும் தேவையில்லை. முதல் நாள் அவள் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். லீவ் லெட்டரில் ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன்.

“அது எங்களுக்கே தெரியும் மேடம்,” என்றாள். “புகார் எழுதச் சொல்லிக்குடுங்க.”